செட்டிநாட்டு வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார்? பில்லைப் பார்த்து அளவு போடுங்கள்

காரைக்குடிப் பக்கம் சோலார் போடலாம் என்று வாயைத் திறந்தால், வரும் முதல் கேள்வி "வீடு எவ்வளவு பெருசு?" என்பதுதான். எங்களுக்கு விலை சொல்ல வந்தவரும் முகப்பில் நின்று, தூண்கள் சூழ்ந்த உள்முற்றமான வளவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, அஞ்சு கிலோவாட் போட்டுருங்க. இவ்வளவு பெரிய வீட்டுக்கு அதுக்குக் கொறைஞ்சா தாங்காது" என்றார். வீட்டில் நிரந்தரமாக இருப்பது மூன்று பேர். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் உள்ள அறைகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய அறை கரண்ட் இழுக்காது.

கடைசியில் போட்டது 2 கிலோவாட், அதுவே போதுமாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்கு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். காகித வேலை அதைவிடப் படுத்தியது. புதிதாகப் போடப் போகிறவர்கள் அந்த அலைச்சல் இல்லாமல் முடிக்க, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. ஆறு பில்லை எடுத்து வையுங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், ஆறு பில் இருந்தால் ஒரு வருடக் கணக்கு கையில் வந்துவிடும். அட்டை தொலைந்திருந்தால் மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பழைய கணக்கைப் பார்க்கலாம். ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.

அதில் ஒரு பில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்போ கல்யாணமோ வந்து, சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் எல்லோரும் வந்து இறங்கி, நாலு ஏ.சி. ஒன்றாக ஓடிய மாதம் அது. அந்த பில்லை ஓரமாக வையுங்கள். வருடத்தில் பத்து நாள் கூட்டத்துக்கு அளவெடுத்தால் மற்ற நாளெல்லாம் பணம் ஓட்டின் மேல் சும்மா காயும். மீதி ஐந்தின் சராசரிதான் உங்கள் அளவு. அதோடு சித்திரை, வைகாசி வரும் பில்லைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வீடு பூட்டியே கிடக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. இலவச யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு சோலார் மிச்சப்படுத்தித் தர ஒன்றும் இல்லை.

2. எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணக்கு எளிது. வாட்டை ஓடும் மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். மூன்று நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

பழைய ஃபேன் 75 வாட், நாலு ஃபேன், பத்து மணி நேரம்: 3 யூனிட்
9 வாட் எல்.இ.டி. பல்பு பத்து, ஐந்து மணி நேரம்: அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு
ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்: ஒன்றேகால் யூனிட்
1 எச்.பி. மோட்டார், முக்கால் மணி நேரம்: 0.8 யூனிட்
டி.வி., வைஃபை, போன் சார்ஜ்: 0.6 யூனிட்
கிரைண்டர், மிக்சி: 0.2 யூனிட்
ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி., இரவு ஆறு மணி நேரம்: 5 யூனிட் சொச்சம்

ஏ.சி. இல்லாமல் நாளுக்கு 6.3 யூனிட், அறுபது நாளுக்கு 378. ஏ.சி.யோடு 11.3, அறுபது நாளுக்கு 678. ஒரே ஒரு ஏ.சி. ஏறக்குறைய மற்ற முழு வீட்டுக்குச் சமமாக இழுக்கிறது பாருங்கள். நாற்பது தூண் வளவுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

இங்கேயே ஒரு வேலையை முடித்துவிடலாம். நாலு ஃபேனையும் 30 வாட் சொச்சம் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் நாளுக்கு ஒன்றே முக்கால் யூனிட் மிச்சம். அது ஏறக்குறைய அரை கிலோவாட் பேனல் தருகிற கரண்ட். உயரமான மச்சில் நீண்ட கம்பியில் தொங்கும் பழைய ஃபேனை இறக்க மனசு வராதவர்கள், தினமும் படுக்கிற அறையில் மட்டுமாவது மாற்றுங்கள்.

3. விலை கூடிய யூனிட்டை மட்டும் வெட்டுங்கள்

நம் பக்கம் வெயிலுக்குச் சந்தேகமே வேண்டாம். அடுத்த மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே ஓடுகிறது. வருடச் சராசரியாக 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாள் இரண்டு யூனிட்கூடத் தேறாது. உச்சி வெயிலில் அள்ளிக் கொட்டும் என்றும் நினைக்காதீர்கள். பேனலின் திறன் 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். அக்கினி நட்சத்திரத்தில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். மாசி மாதம் வந்த யூனிட் வைகாசியில் வரவில்லையே என்று பயந்து ஆளைக் கூப்பிட வேண்டாம்.

நெட் மீட்டர் முறையில் பகலில் மிஞ்சுவது வாரியத்துக்குப் போகும், இரவில் தேவைப்படுவது அங்கிருந்து வரும், கழித்து நிற்கும் யூனிட்டுக்கு ஸ்லாப் கணக்கில் பில் வரும். நம் ஊர் ஸ்லாப் மேலே போகப் போக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கணக்குப் போட்டபோது இருந்த விகிதம் இது: முதல் 100 இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குள்தான். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் போய், மேல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், 1000 தாண்டினால் பதினொன்றுக்கு மேல்.

இப்போது அந்த 678 யூனிட் வீட்டையே எடுத்துக்கொள்வோம். அந்த விகிதத்தில், சோலார் இல்லாமல் பில் சுமார் 3,700 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் நிகரம் 438 யூனிட், பில் சுமார் 1,400. இரண்டாவது கிலோவாட்டில் நிகரம் 198, பில் 230 சொச்சம். மூன்றாவது கிலோவாட்டில் பூஜ்யம்.

அதாவது ஒவ்வொரு பில்லிலும் முதல் கிலோவாட் மிச்சப்படுத்துவது 2,300 ரூபாய், இரண்டாவது 1,200, மூன்றாவது வெறும் 230. மூன்றாவதுக்கு மத்திய அரசு மானியம் போகவும் கையிலிருந்து நாற்பதாயிரம் வாக்கில் போடுகிறீர்கள். வருடத்துக்கு 1,400 ரூபாய்கூட மிச்சமில்லை. போட்ட முதல் திரும்பி வர இருபத்தெட்டு வருடத்துக்கு மேல் ஆகும், பேனலுக்கே 25 வருட வாரண்டிதான். "பில்லே வராது" என்ற விளம்பரத்துக்காக இந்தக் கடைசிக் கிலோவாட்டை வாங்குகிறவர்கள் ஏராளம். மிஞ்சிய யூனிட் வருடக் கடைசியில் காசாகக் கொட்டும் என்று சொன்னாலும் நம்பி அளவைக் கூட்டாதீர்கள்.

முதல் 200 யூனிட் மலிவு என்பதால், உங்கள் சராசரி யூனிட்டில் 200-ஐக் கழியுங்கள், மீதியை 240-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் கிலோவாட். 678-க்கு 1.99 வருகிறது, 2 போதும். இரண்டு வருடத்துக்குள் இன்னொரு ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு, மின்சார ஸ்கூட்டர் என்று உறுதியாகத் திட்டம் இருந்தால் அதற்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி பில்லைத் தனியாகக் குறிக்கச் சொன்னேனே, அதை இங்கே எடுங்கள்: இந்த அளவு போட்டும் அந்த பில் 500-ஐத் தாண்டுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

4. கரண்ட் போனால் என்ன ஓட வேண்டும்?

இது தனிக் கேள்வி, மேலே போட்ட அளவோடு குழப்பாதீர்கள். மானியத்தில் வரும் சாதாரண ஆன்-கிரிட் (வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும்) சோலார், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மேல் உங்கள் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை நிறுத்துவார்களே, அன்றைக்கு மொட்டை வெயிலில் பேனல் பளபளக்கும், கீழே ஃபேன் சுற்றாது. பக்கத்து வீட்டு ஆச்சி, "இவ்வளவு காசு போட்டும் விசிறிதானா தம்பி?" என்று கேட்டுவிட்டார். வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழி இரண்டு. ஏற்கெனவே வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆன்-கிரிட் போடுவது. செலவு குறைவு, நாங்கள் செய்தது இதுதான். இல்லையென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட். பேட்டரிக்கு மானியம் கிடையாது, முழுக் காசும் நம்முடையது.

முதல் வழியில் ஒரு ஆபத்து உண்டு. சோலார் இன்வெர்ட்டரின் வயர் மின்வாரியப் பக்கம்தான் சேர வேண்டும். பழைய இன்வெர்ட்டர் போகும் லைனில் எலக்ட்ரீஷியன் தெரியாமல் சேர்த்துவிட்டால், கரண்ட் போன நேரத்தில் அதையே லைன் என்று நினைத்து சோலார் உள்ளே தள்ளும். பழைய இன்வெர்ட்டர் கருகிவிடும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள்.

பேட்டரி அளவுக்கு மூன்று ஃபேன், ஐந்து பல்பு, டி.வி., வைஃபை என்று 330 வாட் வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 1 யூனிட். 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் போகும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நிம்மதியாக இருக்க இரண்டு. லித்தியம் என்றால் 80 சதவீதம் எடுக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், விலை அதிகம். மின்வேதியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊரில் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

5. எந்தக் கூரை?

1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வையுங்கள். இப்போது வரும் 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், எடை 28 கிலோ பக்கம்.

நாட்டு ஓடு வேய்ந்த வளவுக் கூரையில் வேண்டவே வேண்டாம். ஆள் ஏறினாலே ஓடு நொறுங்கும், அதே ஓட்டை மறுபடி தேடி வாங்க முடியாது, ஒழுகினால் கீழே இருப்பது பர்மா தேக்கு. சுண்ணாம்பும் செங்கல்லும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்திலும் துளை போட விடாதீர்கள். சுவர் மேல் வரும் இடமாகப் பார்த்து கான்கிரீட் கட்டையில் கால் நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு முன் பழைய கட்டடம் தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். பின்கட்டில் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் மாடி இருந்தால் அதுதான் நல்ல இடம். அதுவும் இல்லையென்றால் தோட்டத்தில் கார் நிறுத்தும் அளவுக்கு உயரமான இரும்புச் சட்டம் கட்டி மேலே போடலாம்; செலவு கொஞ்சம் கூடும், ஓடு தப்பிக்கும்.

முகம் தெற்கு, சரிவு 10 முதல் 15 டிகிரி. மார்கழி, தையில் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை நிழலைப் பாருங்கள்; அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், தண்ணீர்த் தொட்டி, தென்னை, முகப்புக் கைப்பிடிச் சுவரில் நிற்கும் சுதைச் சிற்பம் எல்லாவற்றின் நிழலும் நீண்டு விழும். பேனலின் ஓர் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தியும் இறங்கும்.

6. காகிதம்: மாதக்கணக்கில் இழுக்கும் இடம் இதுதான்

பேனலுக்கு விலை கேட்பதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

மின் இணைப்பு யார் பேரில் என்று பாருங்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அது இன்னும் காலமாகிப்போன ஐயா பேரில்தான் இருக்கும். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, மானியம் எல்லாம் இணைப்புதாரர் பேரில்தான் நடக்கும் என்பதால் பெயர் மாற்றம் முதல் வேலை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, பத்திர நகல், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். வெளிநாட்டில் இருக்கும் பங்காளியின் கையெழுத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்க நேரம் பிடிக்கும், அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பங்கு வீடாக இருந்தால் கூரையில் போட மற்றப் பங்குக்காரர்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். "நம்ம பெரியப்பச்சிதானே, சொன்னாப் போதும்" என்று விட்டால் பேனல் ஏறுகிற அன்று பேச்சு வரும். பங்குக்கு ஒரு மீட்டர் இருக்கும் வீட்டில் சோலார் ஒரு மீட்டரோடு மட்டும்தான் சேரும். கூடுதல் யூனிட் ஓடுகிற மீட்டர் எது என்று பார்த்து அதற்குக் கேளுங்கள்.

இனிஷியல் பிரச்சினை வேறு. பில்லில் நாலு இனிஷியல், ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் அப்பச்சி (அப்பா) பேர் முழுதாக. மூன்றும் ஒத்துவராவிட்டால் மானியம் நிற்கும். பெயர் மாற்றம் செய்யும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை என்று ஓர் எண் இருக்கும். பழைய வீடுகளில் அது 1 கிலோவாட்டாகவே கிடக்கும். போடப் போகிற சோலாரைவிட அது குறைவாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வீட்டின் ஒரு பகுதியை விடுதியாகவோ ஷூட்டிங்குக்கோ விட்டு வணிகக் கட்டணத்தில் இருக்கிறீர்களா? இந்த மானியம் குடியிருப்பு இணைப்புக்கு மட்டும்தான்.

7. பணமும் காலமும்

2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000-தான் என்பது இதிலேயே தெரியும். பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது சிறிதோ அதை வைத்துத்தான் மானியம் கணக்காகும்.

சந்தையில் ஆன்-கிரிட் 1 கிலோவாட் 55,000 முதல் 75,000 வரை சொல்கிறார்கள். அளவு சிறிதானால் கிலோவாட்டுக்கு விலை கூடும். 2025 செப்டம்பரில் சோலார் கருவிக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது, அதற்கு முந்திய கொட்டேஷன் கையில் இருந்தால் புதிதாகக் கேளுங்கள். சட்டம், கேபிள், எர்த்திங், நெட் மீட்டர், மின்வாரியக் கட்டணம் எல்லாம் விலைக்குள் வருமா என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். "மொத்தமாப் பாத்துக்கலாம் அண்ணே" என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மானியம் பின்னால்தான் வரும். முதலில் முழுத் தொகையும் நீங்கள் கொடுக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் ரூபாய்க்குள் அரசு வங்கிகள் பிணையில்லாமல் தருகின்றன. விற்பவருக்கு மொத்தத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பத்து, பதினைந்து சதவீதமாவது நெட் மீட்டர் மாட்டிய பிறகு என்று பேசிவையுங்கள்.

நடைமுறை வரிசை: இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் இணைப்பு எண்ணோடு பதிவு, தளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளரைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, நெட் மீட்டர் விண்ணப்பம், மின்வாரிய ஆய்வு, சோலார் ஓடத் தொடங்கியதற்கான இயக்கச் சான்று, வங்கி விவரம். இயக்கச் சான்று வந்து ஒரு மாத வாக்கில் மானியம் கணக்கில் ஏறும். பேனல் உள்நாட்டில் செய்த செல் கொண்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் இல்லை. சான்றையும் ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் வாங்கி வையுங்கள். பொருத்துவது இரண்டு மூன்று நாள் வேலைதான், மற்றதெல்லாம் காத்திருப்பு. காகிதம் சுத்தமாக இருந்து தையில் தொடங்கினால் சித்திரை வெயிலுக்குள் ஓடிவிடும்.

8. பொருத்தும் அன்றும் பிறகும்

எர்த்திங் மூன்று தனித்தனியாக வேண்டும்: பேனல் பக்கத்து டி.சி., வீட்டு லைன் பக்கத்து ஏ.சி., இடிதாங்கி. நம் சரளைமண் கோடையில் காய்ந்து போகும், குழிக்கு அவ்வப்போது தண்ணீர் விடும்படி குழாய் வைக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரை மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் மாட்டக் கூடாது.

பேனலில் தூசியைவிட மயில் பெரிய தொல்லை. எங்கள் மாடியில் காலையில் ஒன்று வந்து பேனலின் மேல் விளிம்பில் உட்கார்ந்து தோகையைத் தொங்கவிட்டுக்கொள்ளும். போகும்போது உள்ளங்கை அகலத்துக்கு எச்சம். அது காய்ந்தால் அந்த இடம் மட்டும் சூடேறிப் பேனல் கெடும். வெயில் ஏறும் முன் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். உப்பு போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே நல்லது. ஐந்து வருடப் பராமரிப்பு விற்றவர் பொறுப்பு என்று திட்டத்திலேயே இருக்கிறது, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

புது மீட்டரில் வாரியத்திடம் வாங்கிய யூனிட், வாரியத்துக்குக் கொடுத்த யூனிட் இரண்டும் மாறி மாறி ஓடும். மீட்டர் மாட்டிய அன்றே இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கணக்கெடுக்க வரும் நாளிலும் எடுங்கள். முதல் பில்லில் கொடுத்த யூனிட் கழிக்கப்படவில்லையென்றால் அந்தப் படங்களோடு பிரிவு அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பில்லில் சரிசெய்து தருவார்கள்.